பழைய காரில் பிரேக் ஆயில் லீக்: மலையில் ஓட்டுபவர்கள் அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசடர் என்று பழைய வண்டிகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. இவற்றில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு பிரேக் ஆயில் லீக். பெரும்பாலும் பின் டிரம்முக்குள் இருந்து பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்தான் காரணமாக இருக்கும். ஆனாலும் டிரம்மைக் கழற்றும் முன் சுலபமாக விலக்கிவிடக்கூடியவை சில உண்டு.

லீக் உறுதியான பிறகு வண்டியை இறக்கத்தில் விடாதீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போக 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 வளைவுகள். டப்பாவில் (பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் தொட்டி) ஆயிலை ஊற்றிக்கொண்டு "கீழே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புவதுதான் இங்கே இருக்கும் மோசமான பழக்கம். சாமான் கோவையிலிருந்து மேலே வரட்டும், வண்டி கீழே போக வேண்டாம்.

ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால்

பெடலை விடாமல் வேக வேகமாக மிதியுங்கள். கொஞ்சம் ஆயில் மிச்சமிருந்தாலும் இரண்டு மூன்று மிதியில் சற்றுப் பிடிப்பு வரும். அதே நேரத்தில் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். மூன்றிலிருந்து நேராக ஒன்றுக்குப் போக முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர் பக்கம் ஒதுக்குங்கள். சாவியை மட்டும் அணைக்காதீர்கள்: ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பெடல் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரின் உதவியும் போய்விடும்.

வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். கட்டி இழுத்துப் போவதானாலும் கயிறு வேண்டாம். பிரேக் இல்லாத வண்டியை இறக்கத்தில் கயிற்றில் கட்டினால் அது முன்னால் போகும் வண்டியின் மேலேயே ஏறும். தூக்கிப் போகும் வண்டிதான் வேண்டும்.

முதலில் ஒரு சோதனை: கசிவது பிரேக் ஆயில்தானா?

சக்கரத்தின் உட்புறம் ஈரம் என்றதும் பிரேக் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆம்னி, அம்பாசடர் மாதிரி பின் சக்கர இழுப்பு வண்டிகளில் ஆக்சில் சீல் போனாலும் அதே இடத்தில்தான் நனையும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த ஈரத்தை ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஆயிலும் என்ஜின் ஆயிலும் கண்ணாடி மாதிரி மேலே மிதக்கும். விரலிலும் தெரியும்: பிரேக் ஆயில் நீர்த்தது, தண்ணீரில் கழுவினால் போய்விடும். கியர் ஆயில் கெட்டி, கந்தக நாற்றம் அடிக்கும், சோப்பு போட்டாலும் லேசில் போகாது. கியர் ஆயில் என்றால் ஆக்சில் சீல் வேலை. ஷாஃப்டை இழுத்து பேரிங்கையும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அதை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். எங்கே சிந்தினாலும் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அறிகுறி: டப்பாவில் ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

பேட் தேய்மானம். டிஸ்க் பேட் தேயத் தேய அதை அழுத்தும் கேலிபர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். பல மாதங்களாக மெல்லக் குறைந்து மினிமம் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தால், பேடைப் பாருங்கள். லைனிங் 3 எம்.எம். அளவுக்கு வந்திருந்தால் பேட் மாற்றுங்கள், அளவு தானாக ஏறும். இந்த நிலையில் டப்பாவை மேல் கோடு வரை நிரப்பி வைத்தால், பேட் மாற்றும்போது அது வழிந்து பெயிண்ட் மேல் கொட்டும்.

கிளட்ச். சில வண்டிகளில் கிளட்ச்சும் ஆயிலில்தான் வேலை செய்யும், அதுவும் பிரேக் டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கியர்பாக்ஸ் ஓரத்திலும், உள்ளே கிளட்ச் பெடலுக்கு மேலேயும் விரல் வைத்துப் பாருங்கள்.

டிரம்முக்குள். லீக் சின்னதாக இருந்தால் ஆயில் வெளியே சொட்டாது. ஷூ லைனிங்கும் பிரேக் தூசியும் உறிஞ்சிக்கொள்ளும். பின் சக்கரப் பின்தட்டின் (டிரம்மின் உட்புறத்தை மூடும் தகடு) அடிப்பகுதியில் கறுப்புக் களிம்பு படிந்திருந்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

பூஸ்டருக்குள். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருக்கிறதா பாருங்கள். பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி நனைந்தால் மாஸ்டர் மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியில் என்ஜின் இந்த ஆயிலை உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகை விடும், அதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

அறிகுறி: பின் சக்கரத்தின் உட்புறம் ஈரம், அல்லது ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை

இதுதான் அடிக்கடி வருவது. காலையில் பனியில் முதல் சில மிதிகளில் கசிந்து, வண்டி சூடானதும் நின்றுவிடும் லீக்கும் உண்டு. இறுகிப்போன ரப்பர் குளிரில் சுருங்கி வழிவிடுவதால் வருவது அது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இந்தப் புகார் கூடும். "மதியம் பார்த்தேன், ஒண்ணும் இல்லை" என்று விட்டுவிடாமல், வண்டியை இரவு நிறுத்தி விடியற்காலையில் பாருங்கள்.

சமதளத்தில்தான் இந்த வேலை. டிரம் கழற்ற ஹேண்ட் பிரேக்கை இறக்கியாக வேண்டும், பின் சக்கரமும் தூக்கியிருக்கும், ஆகவே வண்டியைப் பிடித்து நிறுத்த முன் சக்கரம் மட்டும்தான். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் அங்கே செய்யாதீர்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் இரு புறமும் கட்டை, ஜாக்கிக்குத் துணையாக ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி டிரம்மைத் தட்டக் கூடாது.

டிரம் வர மறுத்தால்: ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் விழுந்த விளிம்பில் ஷூ மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம். ஆம்னி போன்றவற்றில் டிரம் முகத்தில் இரண்டு மரை ஓட்டைகள் இருக்கும், எம் 8 போல்ட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் நெம்பி வரும். மாருதி 800 போன்ற முன் சக்கர இழுப்பு வண்டிகளில் பின் டிரம்முக்குள்ளேயே பேரிங் இருக்கிறது. நடுமூடியை எடுத்து, பெரிய நட்டைக் கழற்றித்தான் டிரம் வரும். அந்த நட்டை வண்டிக்குரிய டார்க் அளவில் திரும்ப இறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும். இல்லாவிட்டால் இந்த இடத்திலேயே மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இப்போது சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் மூடியின் உதட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தூக்குங்கள்.

உள்ளே வெறும் ஈரப்பசை மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் கண் வையுங்கள். சொட்டாக வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. மூடி காய்ந்திருந்து பின்தட்டு மட்டும் நனைந்திருந்தால், பின்பக்கம் பைப் நட்டையும், காற்று எடுக்கத் திறக்கும் ப்ளீடர் நிப்பிளையும் பாருங்கள். சில நேரம் நிப்பிளை இறுக்கினாலே முடிந்துவிடும் வேலை அது.

கிட் போடுவதா, முழு சிலிண்டரா?

கிட் என்பது இரண்டு ரப்பர் கப், இரண்டு தூசி மூடி, விலை மலிவு. பிஸ்டனைத் தள்ளி எடுத்து உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கினால் கிட் போதும். பள்ளம், துருப்புள்ளி, கோடு ஏதாவது நகத்தில் தட்டினால் புது ரப்பர் இரண்டு மாதம் கூடத் தாங்காது. உப்புத்தாள் போட்டு அந்தப் பள்ளத்தைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பதும் வீண், ஓட்டைதான் பெரிதாகும். மூடுபனியும் மழையும் உள்ள ஊர் இது, ஆயிலில் சேர்ந்த நீர் சிலிண்டரின் அடிவயிற்றில்தான் தங்கித் துருவாக்கும். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய சிலிண்டருக்கு நேராக முழு அசெம்பிளி போடுவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு தடவை டிரம் பிரிக்கும் கூலியில் ஒரு சிலிண்டரே வந்துவிடும்.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சிலிண்டர் உடலில் துளை அளவு அச்சாகியிருக்கும்: 15.87, 17.46, 19.05 எம்.எம். என்று பலவகை உண்டு. வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், போல்ட்டும் சரியாக உட்காரும், ஆனால் இடதும் வலதும் வேறு அளவானால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஈரச்சாலையில் அந்த இழுப்பே போதும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது உத்தமம், ஒன்று போன நேரத்தில் மற்றதும் அதே வயதுதான்.

மாற்றும் வரிசை

ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங் எந்த ஓட்டையில் இருந்தது என்று பார்க்க மாதிரி வேண்டும். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிரம்முக்குள் முன்புற ஷூவுக்கும் பின்புற ஷூவுக்கும் லைனிங் நீளம் வேறாக இருக்கலாம், அடையாளம் போட்டு வையுங்கள்.

வேலைக்கு முந்தின நாளே பைப் நட்டிலும் நிப்பிளிலும் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். மாருதி வண்டிகளில் பைப் நட்டு பெரும்பாலும் 10 எம்.எம்., நிப்பிள் 8 எம்.எம். அம்பாசடரில் அங்குல அளவு, எம்.எம். ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். பைப் நட்டுக்கு சாதாரண ஓப்பன் ஸ்பேனர் ஆகாது. ஒரு பக்கம் வெட்டுவிட்ட ரிங் மாதிரி இருக்கும் பைப் ஸ்பேனர் வாங்குங்கள். நட்டு சுழலும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்துங்கள். அந்த இடத்தில் பைப் நட்டோடு துருவில் ஒட்டியிருக்கிறது, பலம் கொடுத்தால் பைப் அறுந்து சின்ன வேலை பெரிய வேலையாகும்.

டப்பா மூடியின் கீழ் ஒரு பாலிதீன் துண்டு வைத்து மூடினால், பைப் கழற்றியதும் ஆயில் மொத்தமும் ஓடாது. பைப் முனைக்கு நிப்பிள் ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். புது சிலிண்டரின் பைப் நட்டை முதலில் கையாலேயே மூன்று சுற்று ஏற்றுங்கள். சிலிண்டர் போல்ட்டை இறுக்குவது அதற்குப் பிறகு. சிலிண்டரை முதலில் இறுக்கிவிட்டால் பைப் நேராக வராமல் மரை குறுக்காக ஏறிவிடும். புது சிலிண்டரும் குப்பைக்குப் போவது பெரும்பாலும் இந்த ஒரு தவறில்தான்.

கிட் போடுகிறவர்கள் கவனிக்க: கப்பைத் தடவப் பிரேக் ஆயில் அல்லது பிரேக் ரப்பருக்கான கிரீஸ் மட்டும். பேரிங் கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல், பெட்ரோல் எது பட்டாலும் ரப்பர் ஊதிப் பெருக்கும். பெட்ரோலில் கழுவுவது பழைய பழக்கம், அதை விடுங்கள். கப்பின் உதடு உள்நோக்கி, அதாவது ஆயில் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆயில் குடித்த லைனிங்கை நெருப்பில் காட்டிச் சுட்டு எடுத்துத் திரும்பப் போடுவது இங்கே சகஜம். மேற்பரப்பு காயும், உள்ளே ஊறியது அடுத்த நீண்ட இறக்கத்தில் சூடேறி வெளியே வரும், பிரேக் அப்போதுதான் வழுக்கும். நனைந்த ஷூவைத் தூக்கிப் போடுங்கள், புதியதை இடம் வலம் இரண்டுக்குமாகப் போடுங்கள். டிரம் இரும்புதான், பிரேக் கிளீனரில் கழுவினால் போதும்.

அறிகுறி: முன் சக்கரப் பக்கம் ஈரம்

ஹோஸ் முதலில். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். உதவிக்கு ஒருவர் பெடலை அழுத்தும்போது ஹோஸில் எங்காவது முட்டை மாதிரி புடைத்தால், அன்றைக்கே மாற்றுங்கள்.

ஹோஸ் கேலிபரில் சேரும் இடத்தில் ஈரம் என்றால் செம்பு வாஷர். பழைய வாஷரைத் திரும்பப் போட்டு இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் போல்ட்டை முறித்துவிடுவார்கள். கழற்றும் ஒவ்வொரு தடவையும் புது வாஷர் இரண்டு.

பிஸ்டனைச் சுற்றி ஈரம் என்றால் கேலிபர் சீல். பிஸ்டன் மேற்பரப்பில் துருக்குழி இருந்தால் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை, பிஸ்டனும் மாற வேண்டும். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்றழுத்தம் கொடுக்கும் வேலை விரலை நசுக்கக்கூடியது, இதை ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: அழுத்திப் பிடித்தால் பெடல் மெல்ல மெல்ல கீழே இறங்குகிறது

என்ஜினை ஓடவிட்டு, மிதமான அழுத்தத்தில் ஒரு நிமிடம் பெடலைப் பிடியுங்கள்.

இறங்குகிறது, டப்பாவில் ஆயிலும் குறைகிறது: எங்கோ வெளி லீக் இருக்கிறது, மேலே சொன்ன இடங்களைத் தேடுங்கள்.

இறங்குகிறது, ஆயில் குறையவில்லை: மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் ஆயிலைத் தாண்டவிடுகிறது. சட்டென்று மிதித்தால் நன்றாகப் பிடிக்கும், மெல்ல அழுத்தினால்தான் குட்டு வெளிப்படும். மாஸ்டருக்குக் கிட் கிடைத்தாலும் முழுதாக மாற்றுங்கள். அதில் சிக்கனம் பார்க்கும் இடம் இல்லை. புது மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து ஆயில் விட்டு உள்காற்றை எடுத்துவிட வேண்டும். இது பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல்.

பெடல் இறங்கவில்லை, ஆனால் கட்டியாக இருக்கிறது: அது லீக் அல்ல. கீழே ஓடிப் பழகிய வண்டி மேலே வந்தால் பூஸ்டர் உதவி குறைந்து பெடல் சற்றுக் கட்டியாகத்தான் தெரியும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதையும் மீறிக் கட்டி என்றால் வேக்கம் ஹோஸைப் பாருங்கள்.

அறிகுறி: வண்டி அடியில், நடுவில் அல்லது பின் ஆக்சில் மேல் ஈரம்

இரும்பு பைப் துருப்பிடித்து ஓட்டை. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் சேறு தங்கி அங்கேதான் முதலில் அரிக்கும். இதற்கு ஒரே வழி, அந்த நீளம் முழுவதும் புது பைப், முனைகளில் இரட்டை மடிப்பு. ரப்பர் குழாய் சொருகி கிளாம்ப் போடுவது, பித்தளைப் பற்றவைப்பு, ஏசி செம்புக் குழாய் எதுவும் பிரேக் அழுத்தத்துக்கு நிற்காது. மடிப்புக் கருவி உள்ள கடையில் மட்டுமே செய்யுங்கள்.

அறிகுறி: எங்கும் லீக் இல்லை, நீண்ட இறக்கத்தில் மட்டும் பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது

அரை மணி நேரம் நிறுத்தி ஆறவைத்தால் பெடல் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறியீடு. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரம்பு முறையே 140, 155 டிகிரிதான். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள். டாட் 3 வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம். சிலிக்கான் வகையான டாட் 5 மட்டும் வேண்டாம், மற்றவற்றோடு அது சேராது. போன வருடம் திறந்து வைத்த பாதி கேன் ஆயிலும் வேண்டாம்.

ஏறின கியரிலேயே இறங்குகிறவருக்கு இந்தக் கோளாறு வருவது அபூர்வம்.

காற்று எடுப்பது

எதைக் கழற்றிப் பூட்டினாலும், பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் இந்த வேலை கட்டாயம். அரை லிட்டர் புது ஆயில், நிப்பிளில் மாட்டும் ஒளி ஊடுருவும் குழாய், குழாய் முனை மூழ்கும் அளவு ஆயில் விட்ட பாட்டில், பெடலுக்கு ஒரு ஆள்.

மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் வழக்கமான வரிசை இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே பைப் சுற்றில் சேரும் குறுக்குச் சுற்று வண்டிகளில் வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். "அழுத்து" என்றதும் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, பிறகுதான் "விடு". மூடும் முன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள், அது காலியானால் எல்லாம் முதலிலிருந்து.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை அடிக்கவிடக் கூடாது. மாஸ்டரின் அடிப்பகுதியில் பிஸ்டன் பல வருடங்களாகப் போகாத துருவளையம் இருக்கும், சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். வீல் சிலிண்டர் மாற்றப் போய் மாஸ்டரும் போச்சு என்று வருகிறவர்களுக்கு நடப்பது இதுதான். பெடலுக்குக் கீழ் ஒரு அங்குலக் கட்டை வைத்துவிட்டால் தீர்ந்தது.

நிப்பிளை இறுக்கும்போது ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடியுங்கள், அந்த பலமே போதும். முறிந்தால் சிலிண்டரோடு போகும். இரண்டு சுற்று முழுதாக எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால், அதற்கு மேல் ஆயிலை வீணாக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஷூ அட்ஜஸ்ட் செய்தீர்களா என்று பாருங்கள். ஷூ தளர்வாக இருந்தாலும் பெடல் ஆழமாகப் போகும்.

சோதனை

என்ஜின் ஓட, பெடலைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கழற்றிய ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் சமதளத்தில் மெதுவாக ஓட்டி நான்கைந்து தடவை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இரவு முழுக்க வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்து, காலைக் குளிரில் முதல் மிதிக்கு முன்னும் பின்னும் டப்பா அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் உள்ளூரில் ஓடி அளவு இறங்காமல் நின்ற பிறகு மலை இறங்கலாம்.